மெல்பர்னில் ஞாயிற்றுக்கிழமை பிரன்ச் அழைப்பு: முட்டை உண்ணாதவர்கள் என்ன கேட்பது, பணத்தை யார் கொடுப்பது?

புதுக்குடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டுதான் குடும்பத்துடன் மெல்பர்னுக்கு வந்து சேர்ந்தோம். என்னுடன் பணிபுரியும் சிலர், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஃபிட்ஸ்ராயில் உள்ள ஒரு கஃபேயில் பிரன்ச் (காலை உணவும் மதிய உணவும் சேர்ந்த முற்பகல் உணவு) சாப்பிடலாம் என்றும், மனைவியையும் மகளையும் அவசியம் அழைத்து வர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டுவிட்டேன். அதன் பிறகுதான் ஐயங்கள் ஒவ்வொன்றாக எழுகின்றன.

முதலாவது, நேரம். என் மகளுக்கு நான்கு வயது. எட்டு மணிக்குள் வயிற்றுக்கு ஏதேனும் கிடைக்காவிட்டால் வீடு இரண்டுபடும். பத்தரை மணிக்கு அழைக்கிறார்கள் என்றால், காலை உணவை முடித்துக்கொண்டு போவதா, அல்லது வெறும் வயிற்றோடு போவதா என்பதே விளங்கவில்லை. அடுத்து, நாங்கள் சைவம். நானாவது முட்டை உண்பேன். என் மனைவி முட்டையும் தொடமாட்டார். அந்தக் கஃபேயின் பட்டியலை இணையத்தில் பார்த்தபோது, முட்டை இல்லாத உணவைத் தேடிப் பொறுக்க வேண்டியிருந்தது. ஒரு தட்டு 25 டாலரைத் தொடுகிறது. மூவருக்கும் பானங்களோடு சேர்த்தால் 80 டாலருக்குக் குறையாது போலிருக்கிறது.

எல்லாவற்றையும்விடச் சங்கடமானது பணம் கொடுக்கும் நேரம். அழைத்தவர் கொடுப்பதுதான் நாம் வளர்ந்த முறை. இங்கே அவர்களே கொடுத்துவிடுவார்களா, நான் முந்திக்கொள்ள வேண்டுமா, அல்லது ஆளுக்கு ஒரு பங்கா? முன்பே போய்ப் பழகியவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கிழக்குவாசல்

வாருங்கள் தம்பி. குழந்தைக்கு வழக்கமான நேரத்தில் வழக்கமான உணவைக் கொடுத்துவிட்டே கிளம்புங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பத்தரை என்பது அங்கே போய்ச் சேரும் நேரமேயொழிய, தட்டு மேசைக்கு வரும் நேரம் அல்ல. வார இறுதியில் பல கஃபேக்கள் முன்பதிவை ஏற்பதில்லை. வாசலில் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதிக்கொடுத்துவிட்டு நடைபாதையில் நிற்க வேண்டும். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை கூட்டம் உச்சத்தில் இருக்கும் என்பதால், பெரிய குழுவாகப் போனால் அரை மணி நேரம் காத்திருப்பது இயல்பு. நீங்கள் இருவரும் மட்டும் பாதி வயிற்றோடு போங்கள்.

பணத்தைப் பற்றி உங்களுக்கு இருக்கும் சங்கடம் தேவையற்றது. இங்கே "போகலாமா" என்று கேட்பது, "நான் வாங்கித் தருகிறேன்" என்று சொல்வது ஆகாது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடுவோம் என்பது மட்டுமே அதன் பொருள். தத்தம் குடும்பத்துக்கு உரியதைத் தாமே கொடுப்பது வழக்கம். ஆனால் கூட்டமான நாளில் ஒரே மேசையின் கணக்கைப் பலவாகப் பிரித்துத் தர மாட்டோம் என்று சில கஃபேக்கள் பட்டியலிலேயே அச்சிட்டிருக்கும். அத்தகைய இடங்களில் ஒருவர் முழுத் தொகையையும் கட்டிவிடுவார், மற்றவர்கள் அங்கேயே கைப்பேசியை எடுத்து பே-ஐடி (வங்கிக் கணக்கு எண்ணுக்குப் பதில் கைப்பேசி எண்ணைக் கொண்டு பணம் அனுப்பும் முறை) வழியாகத் தம் பங்கை அவருடைய கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் வங்கிச் செயலியில் அதை இப்போதே அமைத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு "நான் கொடுக்கிறேன், நீங்கள் விடுங்கள்" என்று கையைப் பிடித்து இழுக்கும் நம்முடைய அன்புப் போராட்டத்தை இங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை. சொல்லப்போனால், அது அவர்களைத் திகைக்க வைக்கும்.

பட்டியலில் நீங்கள் பார்த்த விலையில் பத்து சதவீத ஜிஎஸ்டி வரி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு கூடுதல் கட்டணம் உண்டு. பெரும்பாலும் பத்து சதவீதம், பொது விடுமுறை நாளானால் பதினைந்து. இதை மறைத்து வசூலிக்கக் கூடாது, எந்த நாளுக்கு எத்தனை சதவீதம் என்று விலைகளுக்கு நிகரான தெளிவோடு பட்டியலில் அச்சிட வேண்டும் என்பது நுகர்வோர் சட்டம். ஆகவே உங்கள் 80 டாலர் 88 ஆகும். அட்டைக்கான கட்டணம் வேறு ஒட்டிக்கொண்டால் இன்னும் சிறிது ஏறும். டிப்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. இப்போதெல்லாம் அட்டை இயந்திரமே டிப்ஸ் எவ்வளவு என்று கேட்கிறது; வேண்டாம் என்ற பொத்தானை அழுத்தினால் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பனங்கூடல்

தம்பி புதுக்குடிக்கு வணக்கம். நான் தொண்ணூறுகளில் இந்த நகருக்கு வந்தவன். மற்றவர்கள் எழுதுவதற்கு மாறான ஒரு கருத்தையும் நீங்கள் கேட்டு வைப்பது நல்லது.

ஒரு துண்டுப் பாணில் அவகாடோவை மசித்துப் பூசி, மேலே கொஞ்சம் சீஸைத் தூவி, அதற்கு 25 டாலர் கேட்பதும், அதைக் கொடுப்பதற்கு வாசலில் வரிசையில் நிற்பதும் எனக்கு இன்றுவரை பிடிபடாத பழக்கம். 2016ஆம் ஆண்டில் பெர்னார்ட் சால்ட் என்ற மக்கள்தொகை ஆய்வாளர், இளையோர் 22 டாலர் கொடுத்து இப்படிச் சாப்பிடுவதைக் குறிப்பிட்டு, அந்தப் பணத்தை வீட்டுக்குச் சேர்க்கலாமே என்ற தொனியில் நாளிதழில் எழுதப்போக, நாடு முழுவதும் பெரிய சர்ச்சை கிளம்பியது. அவகாடோவைத் தவிர்ப்பதால் மெல்பர்னில் வீடு வாங்கிவிடலாம் என்று நானும் நம்பவில்லை. வீட்டு விலை அந்தக் கணக்குக்கெல்லாம் அடங்காத உயரத்தில் இருக்கிறது. ஆனால் மாதத்தில் நான்கு ஞாயிறும் இப்படிப் போனால் 350 டாலர் கரைகிறது என்பது எந்தக் குடும்பத்துக்கும் விளங்கக்கூடிய கணக்கு.

நாங்கள் செய்வது வேறு. வேலையிடத்து நண்பர்களை ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வீட்டுக்கே கூப்பிட்டு, இடியப்பமும் சொதியும் சம்பலும் வைப்போம். ஆறு பேர் வயிறார உண்டுவிட்டு, மாலை வரை இருந்து கதைத்துவிட்டுப் போவார்கள். கஃபேயில் தட்டைக் காலி செய்ததும் அடுத்த குழு வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் கதைக்க முடியும்? கோப்பி குடிப்பதற்கு வெளியே போக வேண்டுமென்றால், நகரின் நடுவே பர்க் வீதியில் 1954ஆம் ஆண்டு முதல் இருக்கும் பெலெக்ரினிஸ் போன்ற இத்தாலியக் கடைகளில் கவுண்டரோடு ஒட்டி உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குடியேறிய இத்தாலியர்கள் கொண்டுவந்த பழக்கம்தான் இந்நகரத்தின் கோப்பி மோகத்துக்கு அடித்தளம்.

சமையற்கட்டு

வணக்கம் அண்ணா. நான் இங்கே முதுநிலைப் படிப்பில் இருக்கிறேன். வார இறுதிகளில் ஒரு கஃபேயின் சமையலறையில் வேலை செய்கிறேன். முட்டையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு அடுப்புப் பக்கம் நிற்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பட்டியலில் "வி" என்ற எழுத்து இருந்தால் அது சைவம் என்று பொருள். ஆனால் இங்கே அந்தச் சைவத்துக்குள் முட்டை அடக்கம். வீகன் என்ற குறியீடு உள்ளதில்தான் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. அதற்குச் சில கஃபேக்கள் "விஜி" என்றும், சில "விஇ" என்றும் போடுவார்கள்; பட்டியலின் அடியில் உள்ள விளக்கத்தைப் படித்துவிடுவது நல்லது. அக்காவுக்கு எளிய வழி, வீகன் தட்டு ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதனுடன் வெண்ணெயோ தயிரோ வேண்டுமென்று தனியே கேட்பதுதான். "முட்டை சாப்பிட மாட்டேன், பால் பொருட்கள் பரவாயில்லை" என்று சுருக்கமாகச் சொன்னாலும் போதும். உணவு ஒவ்வாமைகளைப் பற்றி நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருப்பதால் பரிமாறுபவர்களுக்கு இது புதிதல்ல. தயங்கித் தயங்கிக் காரணம் விளக்க வேண்டிய தேவையும் இல்லை.

அவகாடோ டோஸ்டில் முட்டை மேலே வைக்கப்படுவது மட்டுமே என்பதால், வேண்டாமென்றால் நீக்கிவிடுவோம். அதற்குப் பதில் காளானோ வதக்கிய தக்காளியோ வாங்கிக்கொள்ளலாம். பழச்சாற்றிலோ பாலிலோ ஓட்ஸை ஊறவைத்துத் தயிர், பழம், கொட்டைகளோடு தரும் பர்ச்சர் மூஸ்லி அநேகமாக எல்லா இடங்களிலும் கிடைக்கும். புளிக்கவைத்துச் சுடும் சார்டோ ரொட்டி என்பது மாவு, நீர், உப்பு ஆகியவற்றால் ஆனது, தைரியமாக உண்ணலாம். இனி, வெளியே தெரியாமல் முட்டை ஒளிந்திருக்கும் இடங்களைச் சொல்கிறேன். பிரியோஷ் ரொட்டியின் மாவிலேயே முட்டை இருக்கிறது. சோளத்திலோ சுரைக்காய் போன்ற சுக்கினியிலோ செய்யும் ஃப்ரிட்டர் நம் அடையைப் போலத் தோன்றினாலும், அதைச் சேர்த்துப் பிடிப்பது பெரும்பாலும் முட்டைதான். ரிகோட்டா என்ற மென்மையான சீஸ் சேர்த்துச் சுடும் தடித்த பான்கேக்கான ரிகோட்டா ஹாட்கேக்கும் அவ்வாறே. மஞ்சளாக மேலே ஊற்றித் தரும் ஹாலண்டேஸ் சாஸ் என்பதே முட்டைக் கருவையும் வெண்ணெயையும் அடித்துச் சேர்த்ததுதான்.

இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பவராக இருந்தால், பார்மேசான் சீஸ் மரபுப்படி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைக் கொண்டு உறையவைக்கப்படுவது. பேசில் இலையை எண்ணெயோடு அரைத்துச் செய்யும் பெஸ்டோவிலும் அது கலந்திருக்கும். குழந்தைக்குக் கட்டாயம் ஒரு பேபிச்சீனோ வாங்கித் தருவார்கள். சிறு கோப்பையில் நுரைத்த பாலும் மேலே தூவிய சாக்லேட் தூளும்தான் அது. காபித்தூள் துளியும் இல்லை. ஆனால் தட்டின் ஓரத்தில் வைக்கப்படும் மார்ஷ்மெல்லோவில் வழக்கமாக ஜெலட்டின் இருக்கும், அது விலங்குகளின் தோல் எலும்புகளிலிருந்து எடுக்கப்படுவது. ஆர்டர் கொடுக்கும்போதே அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குழந்தையின் கண்ணில் பட்ட பிறகு எடுக்க முயல்வது வீண் முயற்சி. அடுப்பைப் பொறுத்தவரை ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: காளானையும் பன்றி இறைச்சியையும் ஒரே இரும்புப் பரப்பில் வாட்டுகிற கஃபேக்கள் உண்டு. தனிச் சட்டியில் வதக்கித் தரக் கேட்கலாம். கூட்டம் குறைவாக இருந்தால் செய்வோம், பதினொரு மணி நெரிசலில் முடியாது என்று சொல்ல நேரலாம். அக்காவுக்கு இது முக்கியமென்றால், அடுப்பில் வாட்டாத உணவைத் தேர்ந்துகொள்வது மன நிம்மதி.

பனங்கூடல் ஐயா விலையைப் பற்றி எழுதியதற்கு மதிப்போடு ஒரு மறுமொழி. அந்த 25 டாலரில் அவகாடோவின் பங்கு சிறியது. பெரும் பங்கு வாடகைக்கும் கூலிக்கும் போகிறது. ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வார நாளைவிடக் கூடுதல் ஊதியமும், பொது விடுமுறையில் இரு மடங்குக்கும் மேலான ஊதியமும் தர வேண்டும் என்பது இந்நாட்டின் தொழில் விதி. மாணவர் விசாவில் இருப்பவர்கள், பாடம் நடக்கும் காலத்தில், இரண்டு வாரங்களுக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கைக்கு எட்டும் மணிகளே குறைவாக இருக்கும்போது, அவற்றில் சில ஞாயிற்றுக்கிழமையில் அமைவதுதான் என் வாடகையைக் கட்ட உதவுகிறது. ஆகவே அந்தப் பத்து சதவீதத்தைப் பார்த்து யாரும் சலித்துக்கொண்டால் எனக்குச் சிறிது உறுத்தும்.

பனங்கூடல்

பிள்ளை, உன் கூலியில் ஒரு சதமும் குறைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைக் கொடுக்க என் பையில் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை. காளான் விபரம் எனக்கும் புதிது. இனிமேல் கேட்டுத்தான் வாங்குவேன்.

கிழக்குவாசல்

வீட்டுக்கு அழைத்து விருந்து வைப்பதைப் பற்றி ஐயா எழுதியது முழுவதும் சரி, ஆனால் அது இரண்டாவது படி. புதிதாகச் சேர்ந்த இடத்தில் முதல் அழைப்பு அவர்களிடமிருந்து வந்திருக்கும்போது, விலையைக் காரணம் காட்டித் தவிர்த்தால் அடுத்த முறை அழைக்க மாட்டார்கள். வெறுப்பினால் அல்ல, இவருக்கு விருப்பமில்லை போலும் என்று ஒதுங்கிவிடுவார்கள். அலுவலகத்தில் வேலையைத் தவிர வேறொன்றும் பேசாதவர்கள், ஞாயிற்றுக்கிழமை மேசையில்தான் எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும், எந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்பார், வாடகை ஏற்றினால் எங்கே முறையிடுவது என்பதையெல்லாம் சொல்கிறார்கள். வேலை மாறும்போது உங்கள் பெயரை நினைவில் வைத்துப் பரிந்துரைப்பவரும் அந்த மேசையில் இருந்தவராகவே இருப்பார். எனக்கு அந்தப் பணம் உணவுக்குக் கொடுத்ததாகத் தோன்றுவதில்லை.

செலவைக் குறைக்க வழியும் உண்டு. எல்லோரும் முழுத் தட்டு வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு டோஸ்டும் ஒரு காபியும் வாங்கி அமர்ந்திருப்பவர்கள் ஏராளம். குழந்தைக்கு உங்கள் தட்டிலிருந்து பங்கு கொடுங்கள். மேசையில் வைக்கும் குடிநீர் இலவசம். ஒவ்வொரு வாரமும் போகாமல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டாலும் தொடர்பு அறாது. இடையில் ஒருமுறை அவர்களை உங்கள் வீட்டுக்கு அழைத்துத் தோசை ஊற்றிக் கொடுங்கள். ஐயாவின் வழியும் நிறைவேறிவிடும்.

புதுக்குடி

பொறுமையோடு எழுதிய அனைவருக்கும் நன்றி. மார்ஷ்மெல்லோ விவரத்தைப் படித்துவிட்டு என் மனைவி, இதுவரை மகளுக்கு வாங்கிக் கொடுத்த மிட்டாய் உறைகளையெல்லாம் எடுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டார். ஞாயிறு போவதென்று முடிவாகிவிட்டது, பே-ஐடியும் அமைத்துவிட்டேன்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. ஏப்ரல் மாதம் என் பெற்றோர் வருகைவிசாவில் வந்து மூன்று மாதம் தங்கப்போகிறார்கள். அவர்களையும் இப்படி ஒருமுறை வெளியே அழைத்துப் போக ஆசை. அப்பாவுக்குப் பல் வலுவில்லை. அம்மாவுக்கு இரைச்சல் ஆகாது. இது சரிப்பட்டு வருமா?

சமையற்கட்டு

சரிப்பட்டு வரும் அண்ணா, ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அலுவலகத்தில் ஒருநாள் விடுப்பு எடுக்க முடிந்தால், செவ்வாய் அல்லது புதன்கிழமை காலை ஒன்பதரை மணிவாக்கில் அழைத்துப் போங்கள். அதே தட்டுகள்தான் கிடைக்கும், கூடுதல் கட்டணம் இருக்காது, வேண்டிய மேசையைத் தேர்ந்துகொள்ளலாம், தனிச் சட்டியில் வதக்கித் தரச் சொன்னாலும் மறுக்க மாட்டோம். பகல் இரண்டு, இரண்டரை மணிக்கெல்லாம் பல கஃபேக்களில் அடுப்பை அணைத்துவிடுவோம் என்பதால் தாமதிக்காதீர்கள்.

ஏப்ரலில் ஈஸ்டர் வந்தால் அந்த விடுமுறை நாட்களும், போர் வீரர்களை நினைவுகூரும் 25ஆம் தேதி ஆன்சாக் நாளும் பதினைந்து சதவீத நாட்கள். மே மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அன்னையர் தினம். ஆண்டு முழுவதிலும் எங்கள் சமையலறை மிக மோசமாகத் திணறும் நாள் அதுதான். அம்மாவை அன்றைக்கு வெளியே அழைத்துப் போய்க் கௌரவிக்க வேண்டும் என்று தோன்றினால், மறுநாள் அழைத்துப் போங்கள்.

அப்பாவுக்கு சார்டோ ரொட்டி வேண்டாம். அதன் ஓரம் இளைஞர்களுக்கே தாடையை வலிக்கச் செய்யும். மூஸ்லி இரவு முழுவதும் ஊறியது என்பதால் மென்மையாக இருக்கும். குளிர் தொடங்கிய பிறகு சூடான ஓட்ஸ் கஞ்சியும் பட்டியலில் வரும். காபியைப் பொறுத்தவரை, ஃப்ளாட் வைட் கேட்டால் பால் சேர்ந்ததாகவும் ஓரளவு திடமாகவும் வரும், ஆனால் நம் வீட்டுச் சூடு இருக்காது. "நன்றாகச் சூடாக" என்று ஆர்டரோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சர்க்கரை கலந்து வராது, மேசையில் இருப்பதை எடுத்துக் கலந்துகொள்ள வேண்டும்.

கிழக்குவாசல்

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். கஃபேயைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் படங்களில் நாற்காலிகளைப் பாருங்கள். முதுகு சாய இடமில்லாத முக்காலிகளும் உயரமான மேசைகளும் போட்டிருக்கும் இடம் பெரியவர்களுக்கு ஆகாது. சிமென்டுத் தரையும் வெற்றுச் சுவரும் கொண்ட இடங்களில் நான்கு பேர் பேசினாலே எதிரொலிக்கும். வெளியே போட்ட மேசை அம்மாவுக்கு ஏற்றது. 2017 ஆகஸ்டு முதல் நம் விக்டோரியா மாநிலத்தில் உணவு பரிமாறப்படும் வெளிப்புற இடங்களில் புகைபிடிக்கத் தடை இருப்பதால் அந்தத் தொல்லையும் இல்லை. நாய்களோடு வருபவர்கள் வெளியேதான் அமர்வார்கள் என்பதை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நம் ஊரைப் போலன்றி இங்கே மே மாதம் குளிரும் என்பதால் இருவருக்கும் கனமான மேலாடை வேண்டும்; வெளி மேசைகளுக்கு மேலே ஹீட்டர் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டால் சொல்வார்கள்.